தாய்வீட்டில் பத்திரம்

அத்தியாயம் 6

கதவு சாத்திக்கொண்டபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மணி நாலு முப்பத்தைந்து. பத்திரக் காப்பகத்தின் கடைசி அறை. தரையிலிருந்து கூரை வரை இரும்பு அலமாரிகள், அவற்றில் நூறு வருஷத்துப் பத்திரங்கள். ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. மூலையில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு கணினி. உள்ளே மூன்று பேர். நான், என் அண்ணி, இந்த அறைக்குப் பொறுப்பான காப்பாளர்.

அண்ணி துப்பறிபவர். நான் உதவியாளன், டிரைவர், பை தூக்குபவன், திட்டு வாங்குபவன். அண்ணியின் கணவராகிய என் அண்ணன் இந்த நான்கில் எதற்கும் ஒத்துக்கொள்ளாததால் எனக்கு இந்த உத்தியோகம். அண்ணி இருபது வருஷம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியவர். காணாமல் போன கால்புள்ளியைக் கண்டுபிடித்துக் கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் காணாமல் போன மனிதர்களைக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"இந்த மெஷினை யாரும் தொடலை மேடம்," என்று காப்பாளர் சொல்லிக்கொண்டே எங்களை உள்ளே அழைத்து வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. "அந்தப் பொண்ணு சஸ்பெண்ட் ஆன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் இந்தக் கதவே திறக்குது."

"கதவு தானா சாத்திக்குமா சார்?" என்றேன்.

"தானாத்தான். உள்ள வர எங்க அட்டை, வெளிய போறதுக்கு இந்தப் பச்சைப் பட்டன்."

"எங்க வீட்டு பாத்ரூம் கதவும் இப்படித்தான். என்ன, அங்க பட்டன் கிடையாது, கத்தணும்."

அதற்குத்தான் நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. கதவு கனமாக வந்து சட்டத்தில் உட்கார்ந்தது.

எங்களை இந்த வழக்குக்குள் இழுத்தது ஒரு மாமியார். இந்தக் காப்பகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் பெண்ணின் மாமியார். காலை ஏழு மணிக்கே வந்து எங்கள் வாசலில் நின்றார். "என் மருமக கோபக்காரிதான். சொன்ன பேச்சு கேக்க மாட்டாதான். ஆனா திருடி கிடையாது. அவளைத் திட்டுற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கு, போலீசுக்கு இல்லை," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அண்ணி வழக்கை எடுத்துக்கொண்டார்.

காணாமல் போனது ஒரு நிலத்தின் மூலப் பத்திரம். பழி விழுந்தது அந்தப் பெண் மேல். ஆபீசில் அவளுக்குப் புலவர் என்று பட்டப்பெயர். வேலைக் குறிப்பேட்டில் மௌஸைச் சுட்டி என்பாள், கீபோர்டை விசைப்பலகை என்பாள், பேட்டரியை மின்கலம் என்பாள். எல்லோரும் கிண்டல் செய்வார்கள், அவள் மாற மாட்டாள். அந்தக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த இரண்டு வரிதான் அவளை மாட்டிவிட்டது.

'இடித்துக் கட்டினாலும் கவலையில்லை. தாய்வீட்டில் பத்திரம்.'

அவளுடைய புகுந்த வீட்டை இப்போது இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, திருடிய பத்திரத்தைத் தாய்வீட்டில் ஒளித்திருக்கிறாள் என்று காப்பாளர் எழுதிக் கொடுத்தார். போலீஸ் அவளுடைய அம்மா வீட்டை இரண்டு தடவை தலைகீழாகப் புரட்டியது. ஒன்றும் கிடைக்கவில்லை. நாளைக் காலைக்குள் பத்திரம் வராவிட்டால் கைது.

அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "என்னை அந்த அறைக்குள்ள விடுங்க, காட்டுறேன். என்னன்னு இங்க சொன்னா, விடியறதுக்குள்ள அது இருக்காது." யாரும் அவளை அறைக்குள் விடவில்லை. அதனால்தான் நாங்கள் வந்தோம்.

வந்தோம், மாட்டிக்கொண்டோம்.

அண்ணி அலமாரியைப் பார்த்து முடித்துவிட்டு, "போலாமா சார்?" என்றார். காப்பாளர் பச்சைப் பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அப்புறம் உள்ளங்கையால் அறைந்தார். கதவு தன் பாட்டுக்கு நின்றது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கதவைப் பார்த்து, தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"பட்டன் கூடவா போச்சு?"

அண்ணி தலையைத் திருப்பி அவரை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். ஒரு பக்கத்தின் நடுவே பென்சிலை நிறுத்தி வைப்பாரே, அந்தப் பார்வை. ஆனால் அப்போது எனக்கு அதையெல்லாம் கவனிக்கும் நிலைமை இல்லை.

"அவசரத்துக்குக் கைப்பிடி ஒண்ணு இருக்கணுமே சார்?" என்றேன்.

"இருந்துச்சு. கழண்டு மூணு மாசம் ஆச்சு. மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்."

"பதில் வந்துச்சா?"

"நினைவூட்டல் அனுப்பச் சொல்லி வந்துச்சு."

கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அதில் விரலை விட்டுப் பார்த்தேன். விரல்தான் வலித்தது. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை, சுற்றிலும் இரும்பு. சுவரில் ஒரு இன்டர்காம் இருந்தது, எடுத்தால் ஊமை. கதவைத் தட்டினேன். அந்தச் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, வெளியே எங்கே கேட்கப்போகிறது. ஆபீஸ் நாலரைக்கு மூடும். இந்த ஆபீசில் நாலரை என்றால் நாலு இருபது.

"தம்பி, தட்டுறதை நிறுத்து. அந்தத் திரையில என்ன இருக்குன்னு படி," என்றார் அண்ணி.

நான் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன். ஒரு கல்யாணத்தின் ஆயிரத்து இருநூறு போட்டோவையும் துடைத்துவிட்டுத் துரத்தப்பட்டவன். ஆகவே திரையைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

'நிறுவிய நாள்: நேற்று. சொந்த அமைப்புகள்: எதுவும் இல்லை.'

"அண்ணி, இதுல நேத்துத்தான் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசா ஏத்தியிருக்காங்க. பழசை அடியோட துடைச்சாச்சு. கடையில வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ இப்ப அப்படி நிக்குது."

"யாரும் தொடலைன்னு சொன்னீங்களே சார்?" என்றார் அண்ணி.

காப்பாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினார். "எனக்குத் தெரியாம டெக்னீஷியன் யாராவது வந்திருப்பான் மேடம்."

"அதுக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம் தம்பி?"

"இந்த ரூம்ல கதவு, ஃபோன், காத்து எல்லாத்தையும் இந்த ஒரே மெஷின்தான் பார்த்துக்குது. ஆனா கதவுக்கு ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினா திறக்கணும்னு மெஷினுக்குப் பிறக்கும்போதே தெரியாது. அதைப் புலவர்தான் ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிருப்பாங்க. அந்த ஃபைல் போயிடுச்சு. இப்ப அந்தப் பட்டன் சுவத்துல ஒட்டின பொட்டு மாதிரி. அழகுக்குத்தான்."

"காத்தையும் இதுதான் பார்த்துக்குதுன்னியே?"

சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைக் காட்டினேன். அண்ணி கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். இந்த அறையில் இருப்பதெல்லாம் காகிதம். தீப்பிடிக்கக் கூடாது. அதனால் ஆளில்லாத நேரத்தில் அறைக்குள் நைட்ரஜனை விட்டு, ஆக்சிஜனைக் குறைத்துவிடுவார்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நெருப்பு பிழைக்காது. மனிதனும்தான்.

'தினமும் மாலை 5.00. மணியோசை கேட்டதும் அனைவரும் வெளியேறவும்.'

"உள்ள ஆள் இருந்தா அது ஓடாது," என்றார் காப்பாளர் அவசரமாக. "ஆள் இருந்தா நிறுத்திடும். எப்பவும் நிறுத்திடும்."

"அஞ்சு மணிக்கு விடுறது மெஷினோடயே வந்தது. ஆள் இருந்தா நிறுத்துறது புலவர் எழுதிச் சேர்த்ததுதானே சார்?" என்றேன்.

காப்பாளர் அலமாரியில் சாய்ந்துகொண்டார். மணி நாலு நாற்பத்தொன்று.

எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. நான் பயந்தால் அதிகம் பேசுவேன். "அண்ணி, போன மாசம் உங்க மிக்ஸி ஜாரை உடைச்சது நான்தான். பூனை இல்லை," என்றேன்.

"நம்ம வீட்டுல பூனையே இல்லை. எனக்கு அன்னைக்கே தெரியும். உட்காரு. இந்த மாதிரி ஃபைலை எல்லாம் வழக்கமா எங்க வைப்பாங்க?"

நான் நாற்காலியில் உட்கார்ந்து விசைகளைத் தட்டத் தொடங்கினேன். "நிறைய பேரு சிஸ்டத்தோட ஃபோல்டருக்குள்ளேயே வைப்பாங்க. அதுதான் தப்பு. சிஸ்டத்தைத் துடைச்சா அதுவும் சேர்ந்து போயிடும்."

"விவரமானவ எங்க வைப்பா?"

"டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சு, துடைக்கிறவன் கை படாத பாதியில வைப்பா." தேடினேன். இரண்டாவது பாதி இருந்தது. காலியாக இருந்தது. "இதையும் துடைச்சிருக்கான். நேத்து வந்தவன் ரொம்ப சுத்தக்காரன் அண்ணி. என் கல்யாணம் நடந்தா போட்டோவை அவன்கிட்டக் கொடுக்கக் கூடாது."

"இன்னும் விவரமானவ?"

"நெட்வொர்க்ல வேற மெஷினுக்கு ஒரு நகல் அனுப்பி வைப்பா. ஆனா இந்த ரூமுக்கு நெட்வொர்க்கே கிடையாது. பாதுகாப்பாம்."

'பாதுகாப்பு' என்ற சொல்லை நான் சொன்ன விதத்தில் காப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணி பையிலிருந்து ஒரு கட்டு நகல் தாள்களை எடுத்தார். புலவரின் குறிப்பேட்டை முழுவதுமாக நகலெடுத்து மாமியார் கொடுத்திருந்தார். போலீஸ் பார்த்தது கடைசிப் பக்கம் மட்டும். அண்ணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காதோரம் இருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பதினெட்டு நிமிஷத்தில் சாகப்போகிற யாரும் இப்படி நிதானமாகப் பிழை திருத்தி நான் பார்த்ததில்லை.

"மேடம், என்ன பண்றீங்க?" காப்பாளரின் குரல் உடைந்தது. "அது வெறும் வேலை நோட்டு."

"படிக்கிறேன் சார். நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா?"

"கடைசிப் பக்கம் மட்டும்."

"எல்லாரும் கடைசிப் பக்கத்தைத்தான் படிக்கிறீங்க," என்றார் அண்ணி.

நான் கதவின் விளிம்பை என் வண்டிச் சாவியால் நெம்பிப் பார்த்தேன். சாவி வளைந்தது. மேலே காற்றுக் குழாயின் கம்பிவலையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். என் எடைக்கு அது அசையவில்லை, என் தோள்தான் அசைந்தது. காப்பாளர் இதற்குள் ஐந்து தடவை பச்சைப் பட்டனை அழுத்தியிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பிக்கையோடு அழுத்தினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

நாலு ஐம்பதுக்கு மணி அடித்தது.

பள்ளிக்கூட மணி மாதிரி நீளமாக அடித்து ஓய்ந்தது. அனைவரும் வெளியேறவும். காப்பாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி," என்றார் அண்ணி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் அம்மாவை நீ எப்படிக் கூப்பிடுவே?"

"அம்மான்னுதான்."

"எழுதும்போது?"

"எழுதும்போதும் அம்மான்னுதான். எப்ப எழுதினேன்? அண்ணி, இப்ப எதுக்கு அம்மா? எனக்கு ஏற்கெனவே அழுகை வருது."

"இந்தப் பொண்ணும் அப்படித்தான். இங்க பாரு. 'அம்மாவுக்குக் கண் மருத்துவர், மூன்று மணி.' 'அம்மா வீட்டுக்குப் போய் வர வேண்டும்.' 'அம்மாவிடம் குடை வாங்க.' மொத்தம் ஒன்பது இடம். ஒன்பதுலயும் அம்மா. எவ்வளவு தூய தமிழ் எழுதினாலும் பெத்தவளை அவ தாய்னு ஒரு இடத்துலகூட எழுதலை."

"சரி."

"தாய்ங்கிற சொல் இந்த நோட்டுல ரெண்டே இடத்துல வருது. ஒண்ணு, எல்லாரும் படிச்ச கடைசிப் பக்கம். தாய்வீட்டில் பத்திரம். இன்னொண்ணு, பன்னிரண்டாம் பக்கம். 'தாய்ப்பலகைக்குப் புதிய விசிறி பொருத்தினேன்.' தாய்ப்பலகைன்னா என்ன?"

"மதர்போர்டு."

"அது எங்க இருக்கும்?"

"இந்தப் பெட்டிக்குள்ள."

"அப்ப தாய்வீடு?"

நானும் காப்பாளரும் ஒரே நேரத்தில் மேஜைக்குக் கீழே இருந்த கணினிப் பெட்டியைப் பார்த்தோம்.

அண்ணி எழுந்தார். "ஒருத்தர் எழுதுற விதம் ஒண்ணுதான் சார். அச்சகத்துல இருபது வருஷம் பார்த்திருக்கேன், அது மாறாது. இதுல பத்திரம்னா நிலப் பத்திரம் இல்லை. பத்திரமா இருக்குன்னு அர்த்தம். இடிச்சுக் கட்டுறதுன்னா மாமியார் வீட்டை இல்லை, இந்த மெஷினை. வீட்டை இடிச்சுக் கட்டும்போது நகையை எங்க கொண்டு போய் வைப்போம்? கல்யாணம் ஆன எந்தப் பொண்ணைக் கேட்டாலும் சொல்லுவா. கட்டுறவன் கை படாத இடம். அவ அம்மா வீடு."

நான் பெட்டியை இழுத்து மேஜை மேல் வைத்தேன். திருகாணியைத் திருப்ப என்ன செய்வது என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன். அண்ணி விரலாலேயே இரண்டையும் திருப்பி எடுத்தார். "கையால திருப்புற ஆணி. கடையில ஒரு வருஷம் என்ன பண்ணினே?" என்றார்.

பக்கத் தகடு கழன்றது. உள்ளே தூசி, ஒயர்கள், நடுவே அந்தப் பச்சைப் பலகை. பலகையின் மேலேயே ஒரு சின்ன சாக்கெட் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டிஸ்க்கை எத்தனை முறை துடைத்தாலும் அதைத் தொட வேண்டிய அவசியம் வராது. அதில் நகத்தளவு ஒரு பென்டிரைவ் செருகியிருந்தது.

"புலவரே!" என்று கத்திவிட்டேன்.

ஆனால் என் கை போவதற்குள் இன்னொரு கை போய்விட்டது. காப்பாளர் அதைப் பிடுங்கிக்கொண்டு அலமாரிகளின் இடுக்கில் பின்னால் நகர்ந்தார். மூடிய கைக்குள் பென்டிரைவ்.

"சார், கொடுங்க. நேரமில்லை," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அழுதுகொண்டிருந்தார்.

"தம்பி, நீ நகராதே," என்றார் அண்ணி. குரல் சாதாரணமாக இருந்தது. "சார், கதவு திறக்காதப்ப நீங்க ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அவர் இன்னும் ஒரு அடி பின்னால் போனார்.

"'பட்டன் போச்சா'ன்னு நீங்க கேக்கலை. 'பட்டன் கூடவா போச்சு'ன்னு கேட்டீங்க. அந்தக் 'கூட' எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. யாரும் தொடாத மெஷின்னு எங்ககிட்டச் சொன்னவர், பட்டனுக்கு முன்னாடி வேற ஒண்ணு போனது தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. என்ன போகணும்னு மெஷினைத் துடைக்கச் சொன்னீங்க?"

மேலே குழாய்க்குள் ஏதோ திறந்துகொண்டது. மெல்லிய சீறல். மணி ஐந்து.

சொல்லப்போனால் மூச்சு முட்டவேயில்லை. அதுதான் எனக்குப் பெரிய திகிலாக இருந்தது. காற்று குளிர்ந்து, சுகமாக, ஒன்றுமே நடக்காதது மாதிரி வந்துகொண்டிருந்தது. நாம் சாகிறோம் என்பதை நம் மூக்குக்குக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள் போல.

"பதிவுதான்," என்றார் காப்பாளர் கடைசியில். "யாரு எப்ப இந்தக் கதவைத் திறந்தாங்கன்னு எழுதி வைக்கிற மாதிரி அவ ஒரு வரி சேர்த்துட்டா. என்கிட்டச் சொல்லவே இல்லை. ஞாயித்துக்கிழமை நான் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. மெஷின் மெதுவா ஓடுது, புதுசா ஏத்துன்னு டெக்னீஷியன்கிட்டச் சொன்னேன். நேத்து அவன் கதவுக்கு ஸ்டூலை முட்டுக் கொடுத்துட்டு வேலை பார்த்தான், பட்டனை யாரும் அமுக்கலை. பட்டனும் அந்த ஃபைல்லதான் இருக்குன்னு எனக்குத் தெரியாது மேடம். நான் பேப்பர் பார்க்கிறவன். எனக்கு என்ன தெரியும்?"

"அந்தப் பதிவு உங்க கையில இருக்கிறதுல இருக்கும்னு நினைக்கிறீங்க."

"இருக்கும். அவ எதையும் பாதியில விடுற ஆள் இல்லை." கையை இன்னும் இறுக மூடினார். "இதைப் போட்டா நான் போனேன். போடலைன்னா..."

"போடலைன்னாலும் நீங்க போனீங்க. எங்களையும் கூட்டிக்கிட்டு," என்றேன். "சார், நான் எங்கயும் தனியாவே போற ஆளு. எனக்குத் துணை வேணாம்."

என் பேச்சு எனக்கே குழறலாகக் கேட்டது. விரல் நுனி மரத்திருந்தது. அவரைப் பாய்ந்து பிடிக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் அவர் பென்டிரைவை இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இருந்த பிளவின் மேல் பிடித்திருந்தார். விட்டால் அலமாரிக்குப் பின்னால், சுவருக்குள் போய்விடும். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தாலும் அந்த அலமாரியை நகர்த்த முடியாது.

நான் அண்ணியைப் பார்த்தேன். ஒரு தந்திரம் இருக்கும், அதட்டல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் காப்பாளரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தில் களைப்பு தெரிந்தது. என் அண்ணிக்கும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எனக்கு உங்களைப் பிடிச்சு இழுக்கத் தெம்பு இல்லை சார்," என்றார். "கோபமும் இல்லை. நீங்க கெட்டிக்காரத் திருடர் கிடையாது. கெட்டிக்காரரா இருந்தா நீங்க துடைச்ச ரூமுக்குள்ள நீங்களே வந்து மாட்ட மாட்டீங்க. யாருக்காகப் பண்ணினீங்க?"

"மச்சான்." அவர் மூக்கை உறிஞ்சினார். "என் வீட்டுக்காரியோட தம்பி. அந்த நிலத்து மேல அவனுக்கு வழக்கு. மூலப் பத்திரம் இல்லைன்னா ஜெயிச்சுடுவான். மூணு மாசமா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துட்டான். சாப்பிடும்போது, தூங்கப் போகும்போது, அதே பேச்சு. எனக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியலை மேடம். முப்பது வருஷமா யாருக்கும் சொன்னதில்லை."

"இப்பச் சொல்லலாமே. அவருக்கு."

காப்பாளர் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே சீறல் நிற்கவில்லை. எனக்குத் திரையின் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. 'பூனை வளர்த்திருக்கலாம்' என்று நினைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அப்போது காப்பாளர் நடந்து வந்தார். தள்ளாடியபடி வந்து, கணினிப் பெட்டியின் முன்பக்கத்தில் இருந்த துளையைத் தடவினார். பென்டிரைவை இரண்டு தடவை தலைகீழாகச் செருகினார். மூன்றாவது தடவை உள்ளே போனது.

புதிதாக ஏதோ செருகியதைக் கண்டதும்தான் திரையில் ஒரு கேள்வி வந்தது. 'சொந்த அமைப்புகள் கிடைத்தன. பயன்படுத்தலாமா?'

நான் விசையைத் தட்டுவதற்குள் அவரே தட்டிவிட்டார்.

சீறல் நின்றது. எங்கோ ஒரு விசிறி சுழலத் தொடங்கியது. அண்ணி எழுந்து போய்ப் பச்சைப் பட்டனை ஒரு விரலால் தொட்டார். கதவு, எதுவுமே நடக்காதது மாதிரி, திறந்துகொண்டது.

வராந்தாவின் காற்று உள்ளே வந்தது. பழைய காகித வாசனையும் தரை துடைத்த தண்ணீர் வாசனையும் கலந்த, ஒன்றுக்கும் உதவாத அரசாங்கக் காற்று. அதை நான் வாய் நிறையக் குடித்தேன்.

வெளியே போகும் முன் திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். புலவர் எழுதிய ஃபைல் திறந்திருந்தது. கதவுக்கான கட்டளைக்கு மேலே, அடுத்து வருகிறவர்கள் புரிந்துகொள்வதற்காக ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்.

'இந்தக் கதவு உள்ளே இருப்பவருக்கு எப்போதும் திறக்க வேண்டும். அவர் யாராக இருந்தாலும்.'

அதற்குக் கீழே பதிவு. அதில் ஒரு வரி: காப்பாளரின் அட்டை எண், ஞாயிறு, பகல் பதினொன்று பத்து.

காப்பாளர் அதைப் படித்தார். இரண்டையும் படித்தார். வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் பென்டிரைவை அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணி அதைத் தன் பையில் போடாமல், பிழை திருத்திய தாள்களுக்கு நடுவே வைத்து மடித்துக்கொண்டார்.

"பத்திரம் எங்க சார்? மச்சான்கிட்டக் கொடுத்துட்டீங்களா?"

"இல்லை. கொடுக்க மனசு வரலை. என்கிட்டத்தான் இருக்கு."

"எங்க?"

அவர் தரையைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"எங்கம்மா வீட்டுல," என்றார். "அவங்க பீரோவுல, புடவைக்கு அடியில. அவங்களுக்குத் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஆள்தான் இன்னொரு பெண்ணின் அம்மா வீட்டை இரண்டு தடவை புரட்ட வைத்தவர். நல்லதாக ஒன்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைத் தட்டினார், மூடிக்கொண்டேன்.

"அம்மாவுக்கு என்ன வயசு?"

"எழுபத்தெட்டு."

"இதை நான் இப்ப போலீசுக்குச் சொன்னா, அரை மணி நேரத்துல நாலு பேரு அங்க போய் அந்தப் பீரோவைக் கொட்டுவாங்க. அந்தப் பொண்ணோட அம்மா வீட்டுல கொட்டின மாதிரி." அண்ணி அவருக்குக் கை கொடுத்து எழுப்பினார். "எழுந்திருங்க. வண்டி இருக்கு. நீங்களே உள்ள போய் எடுத்துக்கிட்டு வாங்க. அங்கிருந்து நேரா ஸ்டேஷன். அம்மாகிட்ட என்ன சொல்றதுங்கிறதை வழியில யோசிங்க."

அவர் எழுந்தார். சட்டையைச் சரி செய்துகொண்டார். மூன்று பேனாவும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். அது வளைந்திருந்தது.